வழிகாட்டியையும் மாணவரையும் இணைப்பது எப்படி: முன்னாள் மாணவர் சங்கத்தின் புதிய பொறுப்பாளருக்கு

பொறியியல் கல்லூரி ஒன்றின் முன்னாள் மாணவர் சங்கத்தில் 'மென்டர்' திட்டம் தொடங்குவது என்று தீர்மானமானதும், அன்று இரவே யாராவது ஒருவர் கூகுள் ஃபார்ம் தயாரித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார். பத்து நாளில் அறுபது முன்னாள் மாணவர்களின் பெயரும் நூற்றைம்பது முதலாமாண்டு மாணவர்களின் பெயரும் சேர்ந்துவிடும். பிறகு அந்த இரண்டு பட்டியலையும் சங்கத்துக்குப் புதிதாக வந்த ஒருவரிடம் கொடுத்து, "துறை பார்த்துச் சேர்த்துவிடுங்கள்" என்பார்கள். அந்தப் புதியவருக்காகத்தான் இந்தக் கட்டுரை. நான் நான்கு ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். முதல் ஆண்டு துறை பார்த்துத்தான் சேர்த்தேன். பாதிக்கு மேற்பட்ட இணைகள் பொங்கலுக்குள் பேச்சை நிறுத்திவிட்டன.

இங்கே நான் மனத்தில் வைத்திருப்பது தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில், வீட்டில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்திருக்கும் மாணவர்களை. அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு முன்னுரிமை இடங்களை 2021ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியது. 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் இத்தகைய மாணவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. கட்டணமும் இடமும் ஓரளவு கிடைத்துவிட்ட பிறகும், ஹெச்ஓடி (துறைத்தலைவர்) அறைக்குள் எப்படிப் போய் என்ன கேட்பது, ஒரு தாளில் தோற்று அரியர் விழுந்தால் அடுத்து என்ன செய்வது, இன்டர்ன்ஷிப்புக்கு எப்போது விண்ணப்பிப்பது போன்றவற்றைச் சொல்லித்தர வீட்டில் ஆள் இருப்பதில்லை. அந்த இடத்தை நிரப்பத்தான் வழிகாட்டி.

கல்லூரியில் ஏற்கெனவே ஆசிரிய வழிகாட்டி ஒருவர் இருப்பாரே என்று கேட்கலாம். இருப்பார். உயர்கல்வி நிறுவனங்களைத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழு கல்லூரிகளிடம் வழிகாட்டி–மாணவர் விகிதத்தைக் கேட்பதால், ஒவ்வோர் ஆசிரியரின் பெயரிலும் இருபது மாணவர்களோ அதற்கு மேலோ எழுதப்பட்டிருப்பார்கள். ஆனால் அவர் வருகைப்பதிவைப் பார்ப்பவர், இன்டர்னல் மதிப்பெண் போடுபவர். மாணவர் எவ்வளவு நெருக்கமாகப் பழகினாலும், அவரிடம் சொல்லலாகாதவை என்று சில எப்போதும் மீதி இருக்கும். வெளியிலிருந்து வரும் முன்னாள் மாணவர் அந்த மீதியைக் கேட்பதற்காக வருகிறார். ஆகவே கல்லூரியில் இப்போது பணியாற்றும் எவரையும், அவர் முன்னாள் மாணவராகவே இருந்தாலும், இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

பெயர் சேர்ப்பதற்கு முன்

முதலில் எத்தனை இணைகளை உங்களால் கண்காணிக்க முடியும் என்று கணக்கிடுங்கள். இணை ஒன்றுக்கு மாதம் இரண்டு தொலைபேசி அழைப்பு, ஒவ்வொன்றும் பத்து நிமிடம் என்று வைத்தாலும், முப்பது இணைகளுக்கு மாதம் பத்து மணி நேரம் ஆகும். வேலைக்குப் போய்க்கொண்டே இதைப் பார்க்கும் ஒருவரால் அதற்கு மேல் இயலாது. நூற்றைம்பது பேர் கேட்டிருக்கிறார்கள் என்பதற்காக நூற்றைம்பது பேரையும் எடுத்துக்கொள்வது பெருந்தன்மைபோலத் தெரியும். டிசம்பர் வாக்கில் அது யாரையும் கவனிக்காத திட்டமாகிவிடும். ஒரு வழிகாட்டிக்கு ஒரு மாணவர், மிஞ்சிப்போனால் இரண்டு பேர். அதற்கு மேல் கொடுத்தால் அது வகுப்பு நடத்துவதாகிவிடும்.

அடுத்து, கால அளவு. ஒரு கல்வியாண்டு முழுவதும் என்று வைத்துக்கொள்வது நல்லது. அதைவிடக் குறைவாக வைக்காதீர்கள். இதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் அமைப்பின் சிறுவர்களைக் கொண்டு ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டுக்குமேல் நீடித்த உறவுகள்தாம் மிகுந்த பலன் தந்தன. மூன்று மாதத்துக்குள் முறிந்த உறவுகளில் இருந்த சிறுவர்களின் தன்மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்திருந்தது. அந்தச் சிறுவர்கள் நம் மாணவர்களைவிட வயதில் இளையவர்கள், நாடும் வேறு. ஆனாலும் எச்சரிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: பாதியில் விட்டுப்போகும் வழிகாட்டியைக் கொடுப்பதைவிட யாரையும் கொடுக்காமல் இருப்பது மேல். எனவே வெளிநாட்டு ஆன்சைட் வாய்ப்புக்காகக் காத்திருப்பவர், நோட்டீஸ் பீரியடில் இருப்பவர், ஜனவரியில் திருமணம் வைத்திருப்பவர் ஆகியோரிடம் "அடுத்த ஆண்டு வாருங்கள்" என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள், பலருக்கு உள்ளுக்குள் நிம்மதியாகவே இருக்கும்.

இணைக்கும் காலமும் முக்கியம். கலந்தாய்வு முடிந்து முதலாமாண்டு வகுப்புகள் தொடங்கியதும், தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழு (ஏஐசிடிஇ) வகுத்திருக்கும் மூன்று வார அறிமுக நிகழ்வு நடக்கும். அந்த நாள்களில் மாணவருக்கு எல்லாமே புதிதாக இருப்பதால், தனக்கு எது கடினம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. முதல் இன்டர்னல் தேர்வின் விடைத்தாள் கைக்கு வந்த வாரத்தில் போய்க் கேட்டுப் பாருங்கள், அப்போது தெரிந்திருக்கும்.

கேள்விகளை எப்படிக் கேட்பது

"வழிகாட்டியிடமிருந்து என்ன எதிர்பார்க்கிறீர்கள்?" என்று ஃபார்மில் கேட்டால், பத்தில் எட்டு மாணவர்கள் 'கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ்' என்று எழுதுவார்கள். அது அவர்கள் கேள்விப்பட்ட விடை. அதை வைத்து யாரையும் யாரோடும் சேர்க்க முடியாது. ஃபார்மில் பெயர், துறை, ஊரிலிருந்து வந்துபோகிறாரா அல்லது ஹாஸ்டலா, எந்த நேரத்தில் பேச முடியும் என்பவற்றை மட்டும் கேட்டுவிட்டு, மற்றவற்றைப் பதினைந்து நிமிடம் நேரில் பேசித் தெரிந்துகொள்ளுங்கள். முப்பது மாணவர்களென்றால் இரண்டு சனிக்கிழமைகளில் முடிந்துவிடும் வேலை.

நேரில் கேட்க நான் வைத்திருக்கும் கேள்விகள் மூன்று. போன வாரத்தில் எந்த நாள் மிகவும் சிரமமாக இருந்தது, அன்று என்ன நடந்தது? விடைத்தாள் கிடைத்ததும் முதலில் யாரிடம் காட்டினீர்கள்? இந்தக் கல்லூரியில் யாரிடமாவது ஒன்று கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டதுண்டா? இவற்றுக்குக் கேள்விப்பட்ட விடை கிடையாது. ஃபார்மில் 'கம்யூனிகேஷன்' என்று எழுதியிருந்த ஒரு மாணவர், முதல் கேள்விக்குச் சற்று யோசித்துவிட்டு, செவ்வாய்க்கிழமை இயற்பியல் லேப் என்றார். ரெக்கார்டு நோட்டு சரியாகத்தான் எழுதியிருக்கிறார், அளவீடும் சரி. ஆனால் வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் 'வெர்னியர்' பற்றி ஆங்கிலத்தில் கேட்டதும் நின்றுவிட்டார். தமிழ்வழியில் படித்த அவருக்கு விடை தெரியும், கேள்வி புரிய ஐந்து வினாடி வேண்டும், அந்த ஐந்து வினாடியை யாரும் தரவில்லை. அவருக்குத் தேவைப்பட்டவர் மேடைப்பேச்சுப் பயிற்சியாளர் அல்ல. தமிழ்வழியில் படித்து வந்து அதே லேபில் நின்று திணறிய ஒரு சீனியர். அப்படி ஒருவர் எங்கள் பட்டியலில் இருந்தார். துறை வேறு, அதனால் என்ன?

வழிகாட்டியாக வருபவர்களிடமும் இப்படியே கேட்க வேண்டும். "மாதம் எத்தனை மணி நேரம் ஒதுக்குவீர்கள்?" என்றால் எல்லோரும் நான்கு என்பார்கள். "போன நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை ஆறு மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேளுங்கள், உண்மையான கணக்கு வந்துவிடும். இன்னொன்றையும் நான் தவறாமல் கேட்பேன்: உங்களுக்கு அரியர் இருந்ததா? அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் படித்த எவருக்கும், முதல் செமஸ்டர் கணிதத் தாள் எத்தனை பேரைப் பதம் பார்க்கும் என்பது தெரியும். அதில் விழுந்து எழுந்தவர், அடுத்த முறை எழுதுவதற்கான விண்ணப்பத்தை எப்போது போடுவது, புதிய தாள்களையும் பழைய தாளையும் ஒரே மாதத்தில் எப்படிப் படிப்பது, வீட்டில் எப்படிச் சொல்வது ஆகிய மூன்றையும் பட்டறிவால் அறிந்தவர். தங்கப்பதக்கம் வாங்கியவருக்கு இவை தெரியாது. அரியர் இருந்ததைச் சிரித்துக்கொண்டே சொல்லும் வழிகாட்டியை நான் எப்போதும் தனியாகக் குறித்து வைத்துக்கொள்வேன்.

பதவியைக் கண்டு மயங்காதீர்கள். இருபத்தைந்து ஆண்டுக்கு முன் படித்து இப்போது துணைத்தலைவராக இருப்பவர் பட்டியலுக்கு அழகு சேர்ப்பார். ஆனால் அவர் படித்த பாடத்திட்டமும் இல்லை, அவர் வேலைக்குச் சேர்ந்த வழியும் இன்று இல்லை. முதலாமாண்டு மாணவருக்கு நான்கைந்து ஆண்டு முன்னே நடந்துகொண்டிருப்பவரே ஏற்றவர். பெரியவர்களை ஆண்டுக்கு ஒருமுறை எல்லோருக்கும் பொதுவாகப் பேச அழைத்துக்கொள்ளலாம். அவர்களுக்கும் அதுதான் பிடிக்கும்.

முதலில் நேரம், அப்புறம் மொழி

இனி இணைக்கும் வேலை. இதில் இரண்டு வகைப் பொருத்தங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சில பொருத்தங்கள் இல்லாவிட்டால் இணையே நிற்காது. சில இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஓடும். சங்கத்தில் உடன் வேலை செய்த ஒருவர், "ரஜ்ஜு தட்டினால் மற்ற ஒன்பது பொருத்தத்தைப் பார்க்கவே வேண்டாம் என்பார்களே, அதுபோலத்தான்" என்றார்.

எங்கள் வேலையில் ரஜ்ஜுவின் இடத்தில் இருப்பது நேரம். முதல் ஆண்டில் நான் சேர்த்த ஓர் இணையை இன்றைக்கும் நினைத்துக்கொள்வதுண்டு. இருவரும் இசிஇ (மின்னணு, தொடர்பியல்) துறை, இருவரும் அரசுப் பள்ளியில் படித்தவர்கள், இருவருக்கும் சிப் வடிவமைப்பில் ஆர்வம். தாளில் பார்த்தால் இதைவிடச் சிறந்த பொருத்தம் கிடையாது. வழிகாட்டிக்கு அமெரிக்க வாடிக்கையாளர் என்பதால் மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் தொடங்கி இரவு பதினொன்றுக்கு முடியும். மாணவி காலை ஆறு பத்துக்குப் பேருந்து ஏறி, இரவு ஏழரைக்கு வீடு திரும்புவார். வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட்ஃபோன் எட்டரை மணி வரை தம்பியின் கையில் இருக்கும். அந்த இருவரும் ஐந்து மாதத்தில் மொத்தம் இரண்டு முறை பேசினார்கள். யார் மேலும் குற்றமில்லை. அட்டவணையைப் பார்க்காமல் ஆர்வத்தைப் பார்த்த நான்தான் தவறிழைத்தேன்.

ஆகவே ஒவ்வொருவருக்கும் வாரத்தில் உறுதியாக ஒழிவு உள்ள இரண்டு பொழுதுகளைக் குறித்து, அவற்றில் ஒன்றாவது பொதுவாக இல்லாத இருவரை வேறு எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்காதீர்கள். தொலைபேசி மாணவருடையதா, வீட்டாருடையதா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அப்பாவின் ஃபோனில் பேசும் மாணவர் அப்பா பக்கத்தில் இருக்கும்போது எதைப் பேசுவார்?

நேரத்துக்கு அடுத்தது மொழி. தமிழிலேயே பேச வேண்டும் என்று விரும்பும் மாணவரை, தமிழ் பேசினாலும் சிந்திப்பது ஆங்கிலத்தில் என்றாகிவிட்ட ஒருவரோடு சேர்த்தால், அந்தப் பேச்சும் இன்னொரு வைவாவாகிவிடும். எல்லைப்புற மாவட்டங்களில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசும் மாணவர்களும் உண்டு. அவர்களையும் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

மூன்றாவது, மாணவிகளின் விருப்பம். பெண் வழிகாட்டிதான் வேண்டுமா, யாராயினும் சரியா என்பதை ஒவ்வொரு மாணவியிடமும் தனியாகக் கேட்க வேண்டும். எல்லா மாணவிகளுக்கும் பெண்களையே கொடுத்துவிடுவது பாதுகாப்பானதாகத் தோன்றும். ஆனால் மெக்கானிக்கல், சிவில் துறைகளில் பெண் முன்னாள் மாணவர்கள் குறைவாக இருப்பதால், அப்படிச் செய்தால் அந்த மாணவிகளில் பலருக்கு யாருமே கிடைக்காமல் போவார்கள். "யாராயினும் சரி" என்று மாணவி சொன்னால் அது அவருடைய முடிவு, நாம் மாற்றுவதற்கில்லை. அதே சமயம் முதலாமாண்டில் சேரும்போது பலருக்குப் பதினேழு வயதுதான் நிறைந்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம். பதினெட்டு நிறையாதவர், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின்படி குழந்தையே. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அவ்வயதினரின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. ஆகவே பெற்றோரின் கையொப்பத்தைத் தமிழில் எழுதிய ஒரு பக்கத் தாளில் வாங்கிவிடுங்கள். நேர்ச் சந்திப்புகள் கல்லூரி வளாகத்தில், பகலில், நால்வர் பார்வையில் நடக்கட்டும். இது ஆண் பெண் எல்லா இணைக்கும் பொது விதி என்று முதலிலேயே அறிவித்துவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது.

கேட்கக் கூடாதது ஒன்று

ஃபார்மில் சாதிப் பத்தியை யாரும் வைக்க மாட்டார்கள். ஆனால் நம் ஊரில் சாதி பத்தி வழியாக வருவதில்லை, "சொந்த ஊர் எது?" என்பதில் தொடங்கி, "அங்கே எந்தத் தெரு?" என்பதில் முடியும். நல்லெண்ணத்தோடு வரும் வழிகாட்டிகள்கூடப் பழக்கத்தில் இதைக் கேட்டுவிடுவார்கள். மாணவருக்குக் கேள்வியின் பொருள் அந்த நொடியே விளங்கிவிடும், அதற்குப் பின் அவர் பேசுவது வேறு குரலில்தான். ஊர், குலதெய்வம், அப்பாவின் தொழில், எந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது ஆகிய நான்கையும் மாணவர் தானாகச் சொல்லாதவரை கேட்கக் கூடாது என்று வழிகாட்டிகளின் முதல் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். சபை நாகரிகம் கருதிப் பூசி மெழுகினால் பயனில்லை.

இதே காரணத்தால் ஒரே ஊர்க்காரர்களைச் சேர்ப்பதையும் நான் விட்டுவிட்டேன். முதல் ஆண்டில் ஒரே வட்டத்தைச் சேர்ந்த இருவரை, ஊர்ப்பாசம் உதவும் என்று நம்பிச் சேர்த்தேன். வழிகாட்டிக்கு மாணவரின் தாய்மாமனைத் தெரிந்திருந்தது. செமஸ்டர் முடிவு வந்ததும் இரண்டு தாள் போய்விட்டது என்பதை மாணவர் வழிகாட்டியிடம் சொன்னார். பையனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அவர் மாமனிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தார். அந்தச் செய்தி மாணவருக்கு முன்பே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதன்பின் அந்த மாணவர் வழிகாட்டியின் அழைப்பை மட்டுமல்ல, என் அழைப்பையும் எடுக்கவில்லை. இப்போது இருவரும் ஒரே ஊர் என்றால் பொது உறவினரோ குடும்ப நண்பரோ உண்டா என்று விசாரித்துவிட்டே மேலே போகிறேன். மாணவர் சொல்வது உயிருக்கு ஆபத்தான விஷயமாக இருந்தாலொழிய மூன்றாமவரிடம் போகக் கூடாது என்பதும், அப்படிப்பட்ட விஷயமென்றால் உடனே பொறுப்பாளரிடம் சொல்லியாக வேண்டும் என்பதும் எங்கள் விதித்தாளின் முதல் இரண்டு வரிகள்.

மேசையில் அட்டைகள்

நூறு பேருக்கு உள்ளாக என்றால் மென்பொருள் தேவையில்லை. தபால் அட்டை அளவில் இரண்டு நிற அட்டைகளை வெட்டிக்கொள்ளுங்கள். மாணவர் அட்டையின் வலது மேல் மூலையில் ஒழிவுப் பொழுதுகள், இடது மூலையில் மொழி, நடுவில் நேர்ப்பேச்சில் கிடைத்த தேவை ஒரே வரியில். வழிகாட்டி அட்டையிலும் அதே மூலைகள், நடுவில் அவர் கடந்துவந்தது எது என்பது ஒரு வரி. 'செவ்வாய் லேப் வைவா' என்ற அட்டைக்குப் பக்கத்தில் 'தமிழ்வழி, முதல் வைவாவில் அழுதுவிட்டார்' என்ற அட்டை வந்து உட்காரும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

வரிசையில் ஒரு சூட்சுமம் உண்டு. எளிதாகச் சேரக்கூடியவர்களை முதலில் சேர்த்துவிடவே கை போகும். அப்படிச் செய்தால் கடைசியில் மேசையில் மிஞ்சுபவர்கள் நேரம் குறைவான, தேவை அதிகமான மாணவர்களாக இருப்பார்கள். அவர்களுக்கு ஏற்ற வழிகாட்டிகள் ஏற்கெனவே வேறு எங்கோ போயிருப்பார்கள். எனவே எந்த மாணவருக்குப் பொருந்தும் வழிகாட்டிகள் மிகக் குறைவோ அவரிலிருந்து தொடங்குங்கள். ஞாயிறு காலை மட்டுமே ஒழிவுள்ள, வார நாள்களில் மாலையில் பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கும் மாணவருக்கு ஒரே ஒருவர்தான் பொருந்துகிறார் என்றால், அந்த ஒருவர் முதல் அட்டையிலேயே அவருக்குப் போக வேண்டும். மேலும், பத்து வழிகாட்டிகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் சிலரை யாரோடும் சேர்க்காமல் தனியே வையுங்கள். நடுவில் முறியும் இணைகளுக்கு அவர்கள் தேவைப்படுவார்கள்.

விருப்ப வரிசை வைத்துச் சேர்ப்பது

மாணவரே தேர்ந்தெடுக்கட்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு நல்ல முறை இருக்கிறது. டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இரு கணிதவியலாளர்கள் 1962இல் வெளியிட்டது. ஷாப்லிக்கும், இதை மருத்துவப் பயிற்சியிடங்கள் முதலியவற்றுக்கு நடைமுறையில் கொண்டுவந்த ஆல்வின் ராத்துக்கும் 2012இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. முறை மிக எளிது. தாளும் பென்சிலும் போதும்.

க, ச, த என்று மூன்று மாணவர்கள். 1, 2, 3 என்று மூன்று வழிகாட்டிகள். க-வின் விருப்ப வரிசை 1, 2, 3. ச-வின் வரிசை 1, 3, 2. த-வின் வரிசை 2, 1, 3. வழிகாட்டிகள் பக்கத்தில் 1-க்கு ச, த, க என்றும், 2-க்கு க, த, ச என்றும், 3-க்கு க, ச, த என்றும் வரிசை. முதல் சுற்றில் ஒவ்வொரு மாணவரும் தம் முதல் விருப்பத்தைக் கேட்கிறார். 1-ஐ க, ச இருவரும் கேட்க, 1 தன் வரிசையில் மேலே உள்ள ச-வைத் தற்காலிகமாக வைத்துக்கொண்டு க-வை விடுகிறார். 2 த-வை வைத்துக்கொள்கிறார். விடப்பட்ட க அடுத்து 2-ஐக் கேட்கிறார். 2-க்கு த-வைவிட க மேல் என்பதால் த வெளியேறுகிறார். த அடுத்து 1-ஐக் கேட்கிறார். அங்கே ச மேலே இருப்பதால் இடமில்லை. கடைசியாக 3-ஐக் கேட்க, இடம் கிடைக்கிறது. முடிவு: க–2, ச–1, த–3. யாரும் யாரையும் கடைசிச் சுற்றுவரை இறுதியாக ஏற்பதில்லை என்பதே இதன் நுட்பம். முடிவில், தத்தம் இணையை விட்டுவிட்டு ஒருவரையொருவர் அதிகம் விரும்பும் இருவர் எங்கும் மிஞ்ச மாட்டார்கள். கேட்கும் தரப்புக்கு இது சாதகமான முறை. ஆகவே கேட்பவர்களாக மாணவர்களையே வையுங்கள்.

இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. மேலே பாருங்கள், த-வுக்குக் கிடைத்தது கடைசி விருப்பம்; நிலையான இணை என்பதாலேயே மகிழ்ச்சியான இணை என்றாகிவிடாது. இன்னொன்று பெரிய சிக்கல். வழிகாட்டிகளின் விவரத்தாளை மாணவரிடம் கொடுத்தால் நிறுவனத்தின் பெயரைப் பார்த்துத்தான் வரிசை போடுவார்கள். ஒரு ஆண்டு எங்கள் மாணவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே ஆளை முதலில் எழுதியிருந்தார்கள். அவர் வேலை செய்யும் நிறுவனம் அப்படி. அதிலிருந்து விவரத்தாளில் நிறுவனம், பதவி, நாடு எதையும் போடுவதில்லை. படித்த பள்ளி வகை, கல்லூரியில் பட்ட சிரமம், என்ன வேலை செய்கிறார், எப்போது பேச முடியும் என்பவை மட்டும் இருக்கும். வழிகாட்டிகளுக்கு மாணவர்களைத் தெரியாது என்பதால் அவர்கள் பக்கத்து வரிசையை, தேவையும் அனுபவமும் எவ்வளவு ஒட்டுகின்றன என்று பார்த்துப் பொறுப்பாளரே போட்டுவிடலாம். நேரம் ஒத்துவராதவர்களை இருதரப்பு வரிசையிலிருந்தும் முன்பே நீக்கிவிட வேண்டும்.

என்னைக் கேட்டால், முதல் ஆண்டு அட்டைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் மாணவர்கள் உங்களுக்குப் பழகிய பிறகு இந்த முறைக்கு வரலாம்.

முதல் அழைப்பு

இணை முடிவானதும் இருவருடைய எண்ணையும் வாட்ஸ்அப்பில் போட்டு "பேசிக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிடுவதுதான் மிகப் பரவலான தவறு. மாணவர் அழைக்க மாட்டார். 'சார் பிஸியாக இருப்பார்' என்று மூன்று வாரம் காத்திருப்பார். வழிகாட்டியோ, 'தேவையென்றால் கூப்பிடட்டும்' என்று இருப்பார். ஆகவே முதல் நான்கு அழைப்புகளை வழிகாட்டிதான் செய்ய வேண்டும் என்பதை விதியாக்குங்கள். முதல் அழைப்பில் நீங்களும் இருந்து, இருவரையும் அறிமுகப்படுத்தி, ஐந்து நிமிடத்தில் விலகிக்கொள்ளுங்கள்.

எப்படி அழைத்துக்கொள்வது என்பதை அந்த ஐந்து நிமிடத்திலேயே தீர்த்துவிடுவது நல்லது. கல்லூரி வழக்கப்படி சீனியர் என்றால் அண்ணா, அக்கா. வேலைக்குப் போனவர் என்றதும் மாணவர் வாயில் சார், மேடம் வந்துவிடும். வழிகாட்டியே, "அண்ணான்னே கூப்பிடுங்க, சார் வேண்டாம்" என்று முதலில் சொல்லிவிட்டால் பாதித் தயக்கம் போய்விடும். சில மாணவர்களுக்குச் சார் என்பதே வசதியாக இருக்கும், வற்புறுத்த வேண்டியதில்லை. வழிகாட்டி மாணவரை எடுத்த எடுப்பில் 'வா, போ' என்று ஒருமையில் பேசக் கூடாது. சில மாதங்கள் பழகியபின் மாணவரே விரும்பிக் கேட்டால் அது வேறு.

முதல் பேச்சுக்கு ஒரு சிறு வேலை கொடுங்கள். 'உன் கனவு என்ன' போன்ற கேள்விகள் மாணவரை ஊமையாக்கிவிடும். வகுப்பு அட்டவணையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, இருவருமாக அதைப் பார்த்து, எந்த வகுப்பில் பின்வரிசையில் உட்காரத் தோன்றுகிறது, எந்த ஆசிரியரிடம் சந்தேகம் கேட்கலாம், எந்த மணி வீணாகிறது என்று குறித்தால் இருபது நிமிடம் போவதே தெரியாது. இரண்டாவது பேச்சுக்கு விஷயம் அதிலிருந்தே கிடைத்துவிடும்.

பணம் கொடுக்கல் வாங்கல் கூடாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். தேர்வுக் கட்டணம் கட்ட முடியாத நிலை வந்தால் வழிகாட்டி பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். சங்கத்தின் வழியாகவோ உதவித்தொகை வழியாகவோ ஏற்பாடு செய்யலாம். கடன் கொடுத்த அன்றே அந்த உறவின் தன்மை மாறிவிடும்.

மாற்றிக்கொள்ளும் வழி

மூன்றாவது வாரம் இருவரையும் தனித்தனியே அழைத்துக் கேளுங்கள். "எப்படிப் போகிறது?" என்றால் இருவரும் "நன்றாகப் போகிறது" என்பார்கள். "கடைசியாக எந்தத் தேதியில் பேசினீர்கள், எதைப் பற்றி?" என்று கேளுங்கள். இருவர் சொல்லும் தேதியும் ஒத்துப்போனால் சரி. ஒருவர் போன வியாழன் என்றும் மற்றவர் தீபாவளிக்கு முன் என்றும் சொன்னால், அந்த இணையைச் சிவப்பில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது வாரம் எல்லா இணைகளுக்கும், நன்றாகப் போகிறவற்றுக்கும் சேர்த்து, ஒரே செய்தியை அனுப்புகிறோம்: இந்த வாரம் யாரும் காரணம் சொல்லாமல் இணையை மாற்றிக்கொள்ளலாம், பொறுப்பாளருக்கு 'மாற்றம்' என்று ஒற்றைச் சொல் அனுப்பினால் போதும். காரணம் கேட்டால் மாணவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். பெரியவர் மேல் குறை சொல்வதாக ஆகிவிடுமே என்று பொறுத்துக்கொண்டு, அழைப்பை எடுக்காமல் விட்டு, தாமாகவே நழுவிவிடுவார்கள். வழிகாட்டிக்கும் இது நல்லது. வேலைப்பளு கூடியவர் மரியாதையாக விலக முடிகிறது. மாற்றம் கேட்ட மாணவருக்கு ஒரு வாரத்துக்குள், தனியே வைத்திருந்தவர்களில் ஒருவரைக் கொடுத்துவிட வேண்டும். ஆனால் அச்சமோ தொந்தரவோ காரணம் என்று சிறிது ஐயம் வந்தாலும் இது 'மாற்றம்' என்ற சொல்லோடு முடிகிற விஷயமல்ல. அந்த வழிகாட்டியை அன்றே நிறுத்திவைத்து, கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவுக்குக் கொண்டுபோக வேண்டும். மாணவர் பதினெட்டு நிறையாதவர் என்றால் சட்டப்படி காவல் துறைக்கும் சொல்லியாக வேண்டும். சங்கத்தின் பெயர் கெடுமே என்று யாராவது குறுக்கிட்டால் காதில் வாங்காதீர்கள்.

தேர்வுக் காலங்களில் பேச்சு குறைவது இயல்பு, அதை முறிவாக எண்ண வேண்டாம். நவம்பர், டிசம்பர் தேர்வுக்குப் பிறகு, முடிவுகள் வெளியாகும் வாரத்தில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். முடிவு வந்த அன்று இரவே வழிகாட்டி அழைக்கட்டும். மதிப்பெண் நன்றாக வந்திருந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. அன்று யாராவது அழைத்தார்களா என்பதை மாணவர்கள் ஆண்டு முழுவதும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

ஏப்ரலில், ஸ்டடி ஹாலிடே தொடங்குவதற்கு முன், கடைசிச் சந்திப்பை நாள் குறித்து நடத்துங்கள். அதன்பின் இருவரும் தொடர்ந்து பேசுவது அவர்கள் விருப்பம். திட்டத்தின் கடமை அத்துடன் முடிந்தது என்பதை இருவருக்கும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஜூன் மாதத்தில் ஒருவர் காத்திருப்பார், மற்றவர் மறந்திருப்பார். அந்தச் சந்திப்பில் மாணவர்களிடம் ஒரே ஒரு கேள்விக்கு விடை எழுதித்தரச் சொல்வோம்: அடுத்த ஆண்டு வரும் தம்பி தங்கைகளில் எப்படிப்பட்டவருக்கு உங்கள் வழிகாட்டியைக் கொடுக்கலாம்? அந்தத் தாள்களைத் தனி உறையில் போட்டு வைத்துக்கொள்கிறேன். மாணவர் அட்டைகளை அன்று மாலையே கிழித்துப் போட்டுவிடுகிறேன்; வழிகாட்டி அட்டைகளில் ஒழிவுப் பொழுதை மட்டும் அழித்துவிட்டு, செப்டம்பரில் மறுபடி கேட்டு எழுதிக்கொள்கிறேன்.